ரிச்சர்ட் பார்பியரி: விரல் வேகத்தை நாடாத ஒரு சிந்தசைசர் கலைஞரை எப்படி மதிப்பிடுவது?

மெல்லலை (இழையைத் தொடங்கியவர்)

கீபோர்டு கலைஞர்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் கீத் எமர்சன், ரிக் வேக்மன் ஆகியோரின் பெயர்களே முதலில் வருகின்றன. நீண்ட தனி வாசிப்பும் விரல்களின் விரைவும் அளவுகோலாக இருக்கும் வரை அப்படித்தான் வரும். அந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி விரிவாக விவாதிக்க இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ரிச்சர்ட் பார்பியரி 1957இல் பிறந்தவர். தென்கிழக்கு லண்டனின் கேட்ஃபர்ட் பகுதி நண்பர்கள் 1974இல் தொடங்கிய 'ஜப்பான்' என்ற இசைக்குழுவில் சிந்தசைசர் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கருவி) வாசித்தார். பாடகர் டேவிட் சில்வியன், அவருடைய தம்பியும் டிரம் கலைஞருமான ஸ்டீவ் ஜான்சன், பேஸ் கிட்டாரில் மிக் கார்ன், கிட்டாரில் ராப் டீன் ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். 1978இல் வெளிவந்த அவர்களது முதல் இரண்டு ஆல்பங்களும் கிட்டாரை முன்னிறுத்திய, ஒப்பனையும் ஆர்ப்பாட்டமும் மிகுந்த ராக் இசைதான். அவற்றில் சிந்தசைசர் ஓரத்து அலங்காரமாகவே இருந்தது. பிரிட்டன் அவர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை; குழு எந்த நாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்டதோ, அந்த நாட்டில்தான் ரசிகர்கள் திரண்டார்கள்.

1979இல் ஜியார்ஜியோ மொரோடர் தயாரித்த 'லைஃப் இன் டோக்கியோ' என்ற தனிப்பாடலும் (தனித் தட்டாக வெளியிடப்படும் பாடல்), அதே ஆண்டின் 'கொயட் லைஃப்' ஆல்பமும் குழுவின் திசையை மாற்றின. அங்கிருந்து 1980இன் 'ஜென்டில்மென் டேக் போலராய்ட்ஸ்', 1981இன் 'டின் டிரம்' என்று வரவரக் கிட்டார் பின்வாங்கியது. 'டின் டிரம்' பதிவாகும் முன்பே ராப் டீன் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். அந்த ஆல்பத்தில் இடம்பெற்ற 'கோஸ்ட்ஸ்' என்ற பாடல் 1982இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 5ஆம் இடத்தைப் பிடித்தது. டிரம் தாளம் இல்லாமல், ஒரு மனிதக் குரலும் அதைச் சுற்றித் தோன்றி மறையும் சிந்தசைசர் ஒலிகளுமே பெரும்பாலும் தாங்கி நிற்கும் பாடல் அந்த உயரத்தை எட்டியது இன்றைக்கும் வியப்பளிக்கிறது.

என் வாதம் இதுதான்: அந்தப் பாடலில் சிந்தசைசர் செய்யும் வேலை மெட்டும் அல்ல, வழக்கமான ஸ்வரக்கூட்டும் அல்ல, ஒலியின் நிறத்தை உருவாக்கி, அது எப்போது தோன்ற வேண்டும், எப்போது கரைய வேண்டும் என்று தீர்மானிப்பதே அதன் வேலை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆர்ட் ராக்கிலும் (சோதனை முயற்சிகளை நாடும் ராக் இசை) ஆம்பியன்ட் இசையிலும் (சூழலோடு கலந்து ஒலிக்கும் இசை) பார்பியரி செய்தவை எல்லாம் அந்த ஒரே கருத்தின் விரிவாக்கங்கள்.

ஒலிநாடா

'கோஸ்ட்ஸ்' பற்றிய வியப்பில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் அதன் பெருமையை முழுவதும் பார்பியரியின் கணக்கில் எழுதுவது சரியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாடலை எழுதியவர் சில்வியன். 'டின் டிரம்' ஆல்பத்தில் கீபோர்டு வாசித்தவர்களில் சில்வியனும் ஒருவர். எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தால் சில பாடல்களில் சில்வியனோடு ஜான்சன் இருக்கிறார், ஒன்றில் கார்ன் இருக்கிறார். பார்பியரியின் பெயர் ஒன்றில்கூட இல்லை. தயாரிப்பாளர் ஸ்டீவ் நையின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. ஒலியின் நிறம் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் பலரும் சேர்ந்து எட்டும் முடிவு. ஒரு ரசிகரின் அன்பு அதை ஒரே கலைஞரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறதோ என்று ஐயப்படுகிறேன்.

ஐந்துகுரல்

ஒலிநாடா அவர்களின் ஐயம் நியாயமானது. ஆயினும் அதற்கு விடை தேடும் முன், அந்த ஒலிகள் எந்தக் கருவியில் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

பார்பியரியின் பெயரோடு என்றும் சேர்த்துப் பேசப்படும் கருவி, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ப்ராஃபெட்-5. ஒரே நேரத்தில் ஐந்து ஸ்வரங்களை ஒலிக்கக்கூடியது என்பதால் அந்தப் பெயர். அதற்கு முன்பும் பல ஸ்வரங்களை ஒலிக்கும் சிந்தசைசர்கள் இருந்தன. ஆனால் ஒருவர் திருகுமிழ்களைத் திருகிக் கண்டுபிடித்த ஒலியை அப்படியே நினைவகத்தில் சேமித்து, மறுநாள் ஒரு பொத்தானை அழுத்தி மீட்டெடுக்கும் வசதியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது இதுதான். முதல் வடிவத்தில் 40 ஒலிகளைச் சேமிக்க முடிந்தது. ஒலியை வடிவமைப்பதே தன் கலை என்று எண்ணும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கருவியில் 'பாலி-மாட்' என்றொரு பகுதி உண்டு. ஒவ்வொரு குரலிலும் (ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும் மின்சுற்றுத் தொகுதி) ஒலியலையை எழுப்பும் இரண்டு ஆஸிலேட்டர்கள் இருக்கின்றன. வழக்கமாக இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் செழிப்பான தந்தி போன்ற நாதம் கிடைக்கும்; எண்பதுகளின் பெரும்பாலான குழுக்கள் அதோடு நின்றுவிட்டன. பாலி-மாட் பகுதியிலோ, இரண்டாவது ஆஸிலேட்டரைக் காதுக்கு எட்டாமல் வைத்து, அதன் அலையால் முதல் ஆஸிலேட்டரின் சுருதியையே விரைவாக அசைக்க முடியும். அவ்வாறு செய்யும்போது மூல ஸ்வரத்தின் முழுஎண் மடங்குகளாக அமையாத மேற்சுரங்கள் தோன்றுகின்றன. உலோகத் தகட்டைத் தட்டியது போலவும் விரிசல் விட்ட மணி போலவும் கேட்பவை அவை. 'டின் டிரம்' முழுவதும் ஓடும் ஒலிகளைக் கவனித்தால், சுருதி எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத, மணிக்கும் குழலுக்கும் இடைப்பட்ட இந்தக் குடும்பத்து ஒலிகளே அதிகம்.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. ப்ராஃபெட்-5இன் கட்டைகளுக்கு அழுத்தத்தின் வேறுபாடு தெரியாது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவுதான் ஒலிக்கும். பியானோ கலைஞர் விரலால் காட்டும் உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. ஒலி எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும், ஒலியை வடிகட்டும் ஃபில்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கருவிக்குள் எழுதி வைக்க வேண்டும். ஆகவே அங்கு வாசிப்பின் பெரும்பகுதி, வாசிக்கத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. பார்பியரியின் விரல்கள் மேடையில் அதிகம் ஓடாததைக் கண்டு அவரைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

குறிஞ்சிவாசி

இதைப் படிக்கும்போது நம் கச்சேரியில் தம்புரா போடுபவரின் நினைவு வருகிறது. யாரும் கைதட்டுவதில்லை, அது நின்றால்தான் அரங்கமே வெறுமையாகிவிட்டது தெரியும்.

ஐந்துகுரல்

ஒப்புமை அழகாக இருக்கிறது. ஆனால் பாதிதான் பொருந்துகிறது. தம்புரா அசையாமல் இருப்பதால்தான் பாடகர் அதை நம்பி அசைய முடிகிறது. பார்பியரி அப்படி ஒரு நிலையான தளத்தைத் தருவதில்லை. 'கோஸ்ட்ஸ்' பாடலில் சில்வியனின் குரல் ஒரு வரியை முடித்ததும் நுழையும் ஒலி, அடுத்த வரிக்குப் பின் அதே இடத்தில் திரும்ப வருவதில்லை. வந்தாலும் வேறு நிறத்தில் வருகிறது. பாடகருக்குத் துணை நிற்பதைவிட, அவர் எதை நம்புவது என்று தயங்கும்படி செய்வதே அந்த ஒலிகளின் வேலை என்று தோன்றுகிறது. பாடலின் பொருளும் அந்தத் தயக்கம்தானே.

ஒலிநாடா

கருவியைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. ஆர்ட் ராக் குழுவில் சிந்தசைசரோடு தொடங்கி, மெட்டைவிட ஒலிச்சூழலே முக்கியம் என்று கண்டு, ஆம்பியன்ட் இசைக்கு வந்து சேர்ந்த பயணத்தை இசையமைப்பாளர் பிரையன் ஈனோ முன்பே நடத்திக் காட்டிவிட்டாரே? ராக்ஸி மியூசிக் என்ற ராக் குழுவில் விசிஎஸ்-3 சிந்தசைசரோடு இருந்தவர், 1973இல் வெளியேறி, 1975இல் 'டிஸ்க்ரீட் மியூசிக்', 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்று அந்த வகைமைக்கே பெயர் சூட்டினார். 'ஜப்பான்' குழு ராக்ஸி மியூசிக்கைப் பின்பற்றியது என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே உண்டு. பார்பியரி இரண்டாம் தலைமுறைப் பிரதியாக இல்லாமல் எங்கே தனித்து நிற்கிறார்?

மெல்லலை

ஈனோவோடு ஒப்பிடுவது தவிர்க்க முடியாதது. ஆனால் நெருங்கிப் பார்த்தால் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நடந்தவர்கள் என்பது தெரியும்.

ராக்ஸி மியூசிக்கில் ஈனோவின் முக்கியமான வேலைகளில் ஒன்று, மற்றவர்கள் வாசித்ததைத் தன் கருவி வழியாகச் செலுத்தி உருமாற்றுவது. ஃபில் மன்சனேராவின் கிட்டாரும் ஆண்டி மக்கேயின் ஓபோவும் அவர் கையில் வேறொன்றாக மாறின. பின்னர் ஆம்பியன்ட் இசைக்கு வந்தபோது அவரை ஈர்த்தது ஒழுங்குமுறைதான்: வெவ்வேறு நீளம் கொண்ட நாடாச் சுற்றுகளை (முனைகள் இணைந்து மீண்டும் மீண்டும் ஓடும் ஒலிநாடாத் துண்டுகள்) ஓடவிட்டால் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் நகர்ந்து, இசையமைப்பாளர் திட்டமிடாத சேர்க்கைகளைத் தாமாகவே உண்டாக்கும். முறையை அமைத்துவிட்டு விலகி நிற்பதே அங்கே கலை. ஈனோ தம்மை இசைக்கலைஞர் அல்லாதவர் என்றே சொல்லிக்கொண்டார்.

பார்பியரி ஒருபோதும் அப்படி விலகி நிற்பதில்லை. அவர் உருவாக்கும் ஒலி தானாக ஓடும் அமைப்பு அல்ல. ஒரு பாடலின் இந்த நொடிக்கென்று செய்யப்பட்ட ஒலி. ஆகவேதான் ஈனோவின் ஆம்பியன்ட் இசையைக் கவனிக்காமலும் கேட்கலாம் என்றால், பார்பியரியின் இசையை அவ்வாறு கேட்பது கடினமாக இருக்கிறது. 1985இல் அவரும் ஸ்டீவ் ஜான்சனும் சேர்ந்து வெளியிட்ட 'வேர்ல்ட்ஸ் இன் எ ஸ்மால் ரூம்' பெரும்பாலும் குரலற்ற, அமைதியான ஆல்பம். ஆனாலும் அறைக்குள் பின்னணியாக அடங்கிப்போக மறுக்கிறது. அதுவே அதன் வலிமை என்பது என் கருத்து.

எழுதியவர் பெயர் பற்றிய கேள்விக்கும் வருகிறேன். பார்பியரியின் பெயர் 'ஜப்பான்' குழுவின் பதிவுகளில் அறவே இல்லாமல் இல்லை. 1980இல் தனிப்பாடல் வெளியீட்டோடு வந்த 'தி எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் ஸ்விம்மிங்' என்ற வாத்தியப் படைப்பும், 1983இன் நேரலை ஆல்பமான 'ஆயில் ஆன் கான்வாஸ்' இல் சேர்க்கப்பட்ட 'டெம்பிள் ஆஃப் டான்' என்ற சிறு படைப்பும் அவருடையவை. இரண்டிலும் குரல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லும் மெட்டும் இருந்தால்தான் ஒருவரைப் பாடலின் ஆசிரியர் என்று ஏற்கும் வழக்கத்தில், ஒலியின் நிறத்தைச் செய்தவருக்கு உரிமைத்தொகையில் இடம் கிடைப்பது அரிது. சில்வியனைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. அந்தத் தொழிலின் கணக்கு முறை அப்படிப்பட்டது.

பழையதட்டு

இந்தக் கணக்கு முறைக்கு ஒரு சோதனையும் நடந்தது என்பதை நினைவூட்டலாம். 1982இன் இறுதியில் பிரிந்த 'ஜப்பான்' குழுவின் நால்வரும் 1989இல் மீண்டும் கூடினார்கள். முன்னரே எழுதிய பாடல்களைக் கொண்டுவராமல், கூடத்தில் சேர்ந்து வாசித்து, அதிலிருந்து பாடல்களைத் திரட்டுவது என்பது திட்டம். 1991இல் அது 'ரெய்ன் ட்ரீ க்ரோ' என்ற பெயரில் வெளிவந்தது. பழைய பெயரைப் பயன்படுத்தச் சில்வியன் இசையவில்லை. எழுதியவர்களாக நால்வரின் பெயர்களும் பெரும்பாலான இடங்களில் சேர்ந்தே இடம்பெற்றன. பணமும் பெயரும் பற்றிய மனக்கசப்போடு அந்த முயற்சி ஒரே ஆல்பத்தோடு முடிந்தது.

ஆனால் கேட்டுப் பார்த்தால், பார்பியரியின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. தாளமும் குரலும் இல்லாத சிறு துண்டுகள் அதில் பல. அவற்றை முழுப் பாடல்களுக்கிடையே இணைப்புகள் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கோ ஆல்பத்தின் மையமே அவைதான்.

பின்பு ஜான்சன், பார்பியரி, கார்ன் மூவரும் சேர்ந்து 1993இல் மீடியம் என்ற சொந்த வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்களின் தயவை எதிர்பாராமல் சிறு அளவில் தட்டுகளை வெளியிட்டு, நேரடியாக ரசிகர்களுக்கு விற்ற முயற்சி அது. 'பிகினிங் டு மெல்ட்', 'ஸ்டோன் டு ஃப்ளெஷ்', ஜப்பானியக் கலைஞர் நோபுகாசு டாகேமுராவோடு செய்த 'சேஞ்சிங் ஹேண்ட்ஸ்' ஆகியவை அதன் வழியாக வந்தவை. இவை எல்லாமே ஒரே தரத்தில் உள்ளன என்று நான் சொல்ல மாட்டேன்.

நிலவறை

எங்களைப் போன்றோர் பார்பியரியை அறிந்தது போர்க்குப்பைன் ட்ரீ என்ற ராக் குழுவின் வழியாகத்தான். எனவே அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஸ்டீவன் வில்சன் தனியொருவராக வீட்டில் பதிவு செய்துகொண்டிருந்த போர்க்குப்பைன் ட்ரீ, 1993இன் டிசம்பரில் மேடைக்கு வந்தபோது நால்வர் குழுவாக மாறியது: வில்சன், பார்பியரி, பேஸ் கிட்டாரில் காலின் எட்வின், டிரம்மில் கிறிஸ் மெய்ட்லண்ட். வில்சனுக்கும் பார்பியரிக்கும் முன்பே தொடர்பு இருந்தது. வில்சனும் டிம் போனெஸ்ஸும் நடத்திய நோ-மேன் குழுவோடு 1992இல் ஜான்சன், பார்பியரி, கார்ன் மூவரும் மேடையேறியிருந்தார்கள். 1994இல் பார்பியரியும் போனெஸ்ஸும் சேர்ந்து 'ஃப்ளேம்' என்ற ஆல்பத்தையும் வெளியிட்டார்கள்.

1995இன் 'தி ஸ்கை மூவ்ஸ் சைடுவேஸ்', 1996இன் 'சிக்னிஃபை' ஆகிய ஆல்பங்களில் நீண்ட வெளிகள் இருந்தன. பார்பியரிக்கு அங்கே இடம் தாராளமாகக் கிடைத்தது. கூட்டாக வாசித்த முன்தயாரிப்பில்லாத இசையைத் தொகுத்து 1998இல் வந்த 'மெட்டனோயா' அவரது இயல்புக்கு மிக நெருக்கமானது. சிக்கல் எழுந்தது 2002இல். கேவின் ஹாரிசன் டிரம் வாசிப்பவராகச் சேர்ந்த 'இன் அப்சென்ஷியா' ஆல்பத்திலிருந்து கனத்த மெட்டல் கிட்டார் குழுவின் முகமாயிற்று. கிட்டாரின் சிதைவொலி கேட்கும் அலைவரிசைகளையெல்லாம் நிரப்பிவிடும் இடத்தில், மென்மையான நிறங்களைத் தீட்டுபவர் என்ன செய்ய முடியும்? மேடை நிகழ்ச்சிகளில் அவரைக் கேட்கவே முடியவில்லை என்று அப்போது பலர் குறைபட்டார்கள்.

நானும் சில காலம் அவ்வாறே எண்ணினேன். 2007இன் 'ஃபியர் ஆஃப் எ ப்ளாங்க் பிளானெட்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால் வேறு கதை தெரிகிறது. பதினேழு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'அனஸ்தடைஸ்' பாடலில் மெட்டல் பகுதி வெடித்து ஓய்ந்ததும் வரும் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். அந்த நீர்ப்பரப்பு போன்ற அமைதி திடீரென்று வருவதில்லை. கிட்டார்களுக்கு அடியில் அதன் நிறம் முன்பே கலந்திருக்கிறது. கடைசிப் பாடலான 'ஸ்லீப் டுகெதர்' முழுவதையும் நடத்திச் செல்வது கிட்டார் அல்ல, மின்னணு ஒலிகள்தாம். கனத்த இசைக்குள் ஓர் அச்சத்தை ஊட்டுவது கிட்டாரால் மட்டும் ஆகாது. அதைச் செய்தது பார்பியரி.

ஒலிநாடா

அது ஏற்கத்தக்க வாதம். ஆனால் தனி ஆல்பங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? ஒலியின் நிறமே போதும் என்றால் பாடகரும் கிட்டாரும் இல்லாத இடத்தில்தான் அது மெய்ப்பிக்கப்பட வேண்டும். முதல் தனி ஆல்பமான 'திங்ஸ் பரீட்' எனக்கு ஓர் அருமையான ஒலிக் கிடங்காகத் தோன்றியதே தவிர, முழுமையான படைப்பாகத் தோன்றவில்லை. பெர்சி ஜோன்ஸின் பேஸ் வரும் இடங்களில் மட்டும் அது எழுந்து நிற்கிறது.

மெல்லலை

அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. பார்பியரியின் கலை உரையாடலில் பிறப்பது. எதிரே ஒருவர் இருந்தால்தான் அது முழுமை பெறுகிறது. 2008இன் 'ஸ்ட்ரேஞ்சர் இன்சைட்' ஆல்பத்தைவிட 2017இன் 'பிளானட்ஸ் + பெர்சோனா' எனக்கு உயர்வாகப் படுவதும் அதனால்தான். லூக்கா கலப்ரேஸியின் டிரம்பெட், லிசன் ரைலாண்டர் லவ்வின் குரலும் சாக்ஸஃபோனும், வைப்ரஃபோன் என்று மூச்சும் கையும் படும் கருவிகள் அதில் நிறைய இருக்கின்றன. எது மனிதர் ஊதியது, எது மின்சுற்று எழுப்பியது என்று பிரித்தறிய முடியாத இடங்களில் அந்த ஆல்பம் உச்சத்தைத் தொடுகிறது.

2021இன் 'அண்டர் எ ஸ்பெல்' பெருந்தொற்று ஊரடங்கின் விளைவு. நண்பர்களோடு கூடத்தில் கூட முடியாமல் வீட்டிலேயே உருவானது. இருள் கூடுதல், உரையாடல் குறைவு. சிலருக்கு அதுவே பிடிக்கும்; எனக்குப் பாதிக்குமேல் மூச்சு முட்டியது.

புதுக்காது

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் எனக்குப் புதியவை. எங்கே தொடங்கலாம் என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும். தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கும் இது புரியுமா?

நிலவறை

தொழில்நுட்பம் தெரிய வேண்டியதே இல்லை. முதலில் 'கோஸ்ட்ஸ்'. அது பிடித்தால் 'டின் டிரம்' முழுவதும். அடுத்து 'ரெய்ன் ட்ரீ க்ரோ'. கனத்த இசை ஒவ்வாது என்றால் போர்க்குப்பைன் ட்ரீயில் 'சிக்னிஃபை' வரை போதும்; ஒத்துவரும் என்றால் 'ஃபியர் ஆஃப் எ ப்ளாங்க் பிளானெட்'. தனி ஆல்பங்களில் 'பிளானட்ஸ் + பெர்சோனா'. மெரிலியன் குழுவின் ஸ்டீவ் ஹோகார்த்தோடு 2012இல் செய்த 'நாட் தி வெப்பன் பட் தி ஹேண்ட்' ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் விரும்பிகளுக்கு அது எளிய வாசல்.

பழையதட்டு

பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 2010இல் ஓய்வுக்குப் போன போர்க்குப்பைன் ட்ரீ, வில்சன், பார்பியரி, ஹாரிசன் ஆகிய மூவர் குழுவாகத் திரும்பி வந்து 2022இல் வெளியிட்ட 'குளோஷர்/கன்டின்யுவேஷன்' ஆல்பத்தைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் தரவரிசையில் 2ஆம் இடம் வரை சென்ற அந்த ஆல்பத்தின் ஏழு முதன்மைப் பாடல்களில் 'டிக்னிட்டி', 'வாக் தி ப்ளாங்க்' ஆகிய இரண்டை வில்சனும் பார்பியரியும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டாவது பாடல் கிட்டாரை ஒதுக்கி வைத்துவிட்டு, மின்னணு ஒலிகளின் மேலேயே நிற்கிறது. ஒலிநாடா அவர்கள் எழுப்பிய கேள்விக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதியவர் பட்டியலிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒலிநாடா

அந்த இரண்டு பாடல்களை ஏற்கிறேன். 'டின் டிரம்' ஆல்பத்தில் எந்த ஒலி யாருடையது என்ற என் கேள்வியை அவை தீர்க்கவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.